ஜி. பார்த்தசாரதி: 'அனெக்சர் சி'யின் மனிதர்

நீர்வேலியில் மூத்தவர்களிடம் இந்தியாவைப் பற்றிக் கதை கொடுத்தால், அது 1987 ஒக்டோபரில்தான் போய் நிற்கும். பக்கத்துக் கோப்பாயிலும் உரும்பிராயிலும் இந்தியப் படை சண்டையிட்ட நாள்கள் அவை. அதற்கு நான்கு வருடம் முன்பு எங்கள் மக்கள் நம்பிய இந்தியா வேறு. அதன் முகமாக இருந்தவர் ஜி. பார்த்தசாரதி.

1912இல் சென்னையில் பிறந்தார். தந்தை என். கோபாலசாமி ஐயங்கார், காஷ்மீருக்குத் தனி நிலை தந்த 370ஆம் பிரிவை வரைந்ததில் முக்கியமானவர். மகன் ஒக்ஸ்போர்டில் படித்து, தி ஹிந்துவில் பத்திரிகையாளராக இருந்து, சீனா, பாகிஸ்தான், ஐ.நா. எனத் தூதுவராகப் பணியாற்றினார். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவரே. 1975இல் ஷேக் அப்துல்லாவுடனான உடன்பாட்டுக்குப் பேச்சு நடத்தியதும் அவர்தான். மத்தியில் எவ்வளவு அதிகாரம், மாநிலத்தில் எவ்வளவு என்ற பேரம் அந்தக் குடும்பத்துக்குப் பழகிய வேலை.

கறுப்பு ஜூலைக்குப் பிறகு இந்திரா காந்தி அவரைக் கொழும்புக்கு அனுப்பினார். ஜே.ஆர். ஜெயவர்தனவுடனும் தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்களுடனும் மாறி மாறிப் பேசி, 1983 முடிவதற்குள் ஓர் ஆவணத்தை உருவாக்கினார். அதுதான் 'அனெக்சர் சி'. ஒரு மாகாணத்தின் மாவட்ட சபைகள் இணைந்து பிராந்திய சபை அமைக்கலாம், அதற்கு ஒரு முதலமைச்சர் இருப்பார் என்றது அது. திருகோணமலைத் துறைமுகம் மட்டும் மத்தியின் கையில் இருக்கும். தனிநாடு கேட்டு 1977 தேர்தலில் வென்ற கூட்டணிக்கு இது பெரிய இறக்கம். ஆனாலும் ஏற்றுப் பேசப் போனார்கள்.

டில்லியில் ஒப்புக்கொண்டு திரும்பிய ஜெயவர்தன, கொழும்பில் அதற்குச் சொந்தம் கொண்டாடவில்லை. 1984 ஜனவரியில் தொடங்கிய சர்வகட்சி மாநாடு வருடம் முழுக்க இழுபட்டது. பார்த்தசாரதியைத் தமிழர் பக்கத்து ஆள் என்றே தென்னிலங்கையில் பலர் பார்த்தார்கள். ஒக்டோபரில் இந்திரா கொல்லப்பட்டார். டிசம்பரில் அரசு வைத்த வரைவில் பிராந்திய சபை இல்லை. கூட்டணி அதை நிராகரித்தது, மாநாடும் முடிந்தது.

ராஜீவ் காந்தி கொழும்போடு நெருங்க விரும்பினார். 1985இல் இலங்கை விவகாரம் வெளியுறவுச் செயலர் ரொமேஷ் பண்டாரியின் கைக்குப் போனது. கொழும்புக்கு ஒவ்வாத தூதர் ஒதுக்கப்பட்டார். என் பார்வையில், டில்லியின் கணக்கு அங்கேயே தெளிவாகிவிட்டது. 1987 ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களைப் பாருங்கள்: திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள், அந்நிய ஒலிபரப்பு நிலையங்கள், வெளிநாட்டுப் படை ஆலோசகர்கள். இந்தியாவின் பாதுகாப்பு அக்கறைகள் அங்கே துல்லியமாக எழுதப்பட்டன. வடக்கு கிழக்கு இணைப்போ தற்காலிகம் என்றே எழுதப்பட்டது. 2006இல் உயர் நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது.

பார்த்தசாரதி 1995 ஒகஸ்டில் காலமானார். ராஜீவ் கொலைக்குப் பிறகு டில்லி இந்தப் பிரச்சினையில் விலகி நின்ற காலம் அது. அடுத்த மூன்று மாதத்துக்குள், ஒக்டோபர் 30இல், வலிகாமம் முழுதும் தென்மராட்சி நோக்கி நடந்தது.