களிமண்ணால் சூட்டை அளந்தவர்

நம் லேபில் பர்னஸ் சூட்டைத் தெர்மோகப்பிள் சொல்லிவிடுகிறது. அது இல்லாத காலத்தில் சூளைக்குள் எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்ளப் பாடுபட்ட ஒரு குயவரைப் பற்றி எழுதுகிறேன். ஜோசையா வெட்ஜ்வுட்.

1730-ல் இங்கிலாந்தின் பர்ஸ்லெம் ஊரில் குயவர் வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தார். 9 வயதிருக்கும்போது அப்பா இறந்துபோனார். பள்ளிக்கூடம் அதோடு சரி. பிறகு அம்மை வந்து வலது முழங்கால் கெட்டது. சக்கரத்தைக் காலால் உதைத்துச் சுற்ற முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, மண்ணையும் கிளேஸையும் கலந்து சோதிப்பதில் மனதைச் செலுத்தினார். 1768-ல் அந்தக் காலையே வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து கிடையாது. மறு வருடமே எட்ரூரியா தொழிற்சாலையைத் திறந்துவிட்டார் மனிதர்!

அந்த ஊரில் பாத்திரம் வெளுப்பாக வர, சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டு அரைத்து மண்ணில் சேர்ப்பார்கள். சுடாத கல் லேசில் மசியாது. சுட்டால் 573 டிகிரியில் குவார்ட்ஸ் ஆல்பாவிலிருந்து பீட்டாவாக மாறிப் பருக்கும், விரிசல் விடும். அதை உலர்வாக அரைத்த தூசி நுரையீரலில் படிந்து எத்தனையோ தொழிலாளிகள் செத்தார்கள். தண்ணீரில் அரைக்கும் முறைக்கு 1726-ல் தாமஸ் பென்சன் காப்புரிமை வாங்கினார். பால் மில்லில் தண்ணீர் ஊற்றச் சலித்துக்கொள்ளும் நண்பர்கள் கவனிக்க.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே கல் வெந்ததா என்று சொல்லிவிடுவார். வெட்ஜ்வுட்டுக்கு அந்தக் கண் கணக்கு போதவில்லை, எண் வேண்டியிருந்தது. சூட்டில் களிமண் சுருங்குமே, அந்தச் சுருக்கத்தையே அளவாக்கினார். ஒரு முனையில் அரை அங்குலமும் மறுமுனையில் 0.3 அங்குலமும் அகலமுள்ள பித்தளைக் காடி. சுட்ட களிமண் துண்டு அதில் எவ்வளவு தூரம் நுழைகிறதோ, அவ்வளவு சூடு. 1782-ல் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதி அனுப்பினார். அடுத்த வருடம் அங்கே உறுப்பினரானார்.

ஆனால் எண்கள் தப்பு. வெள்ளி உருக 4717 ஃபாரன்ஹீட் என்று அவர் கணக்கு காட்டியது. உண்மையில் சுமார் 1763 தான். ஏன்? களிமண் ஒரே சீராகச் சுருங்குவதில்லை. 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் கயோலினில் உள்ள நீர் போய் மெட்டாகயோலின் ஆகிறது, 980-ஐ ஒட்டி ஸ்பைனல், அதற்கும் மேலே முல்லைட். ஒவ்வொரு கட்டத்திலும் சுருக்கம் வேறு. அரைப்பதும் சேர்ந்துகொள்ளும். நாங்கள் ஒரே கயோலினை 2 மணி நேரமும் 20 மணி நேரமும் அரைத்து, ஒரே பர்னஸில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சுட்டோம். அதிகம் அரைத்த வில்லைதான் அதிகம் சுருங்கியது. பொடி மசிந்தால் சீக்கிரம் இறுகும். இன்னும் அரைத்தால் படிக அடுக்குகளே குலைந்து, முல்லைட் குறைந்த சூட்டிலேயே உருவாகத் தொடங்கும்.

இதையெல்லாம் அவர் எப்படிப் பார்ப்பார், பாவம்! எக்ஸ்-ரே கொண்டு படிகத்தை ஆராயும் வழி 1912-ல்தான் வந்தது. முல்லைட்டுக்குப் பெயர் வைத்ததே 1924-ல். வெட்ஜ்வுட் 1795 ஜனவரியில் காலமானார். அவருடைய டிகிரிகள் அதற்குப் பிறகும் பல வருடம் புத்தகங்களில் ஓடிக்கொண்டிருந்தன.