தாமஸ் டேனியலும் எங்க ஊர்ப் பாறையும்

இந்தத் தடவை சுவரிதழில் வாழ்க்கை வரலாறு எழுதுவது என் முறை. தலைவர்கள், விஞ்ஞானிகள் எல்லாரையும் மற்றவங்க எழுதிட்டாங்க. எனக்குப் படம் வரையப் பிடிக்கும் என்பதால் ஓர் ஓவியரை எடுத்துக்கொண்டேன்.

தாமஸ் டேனியல் 1749-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா சத்திரம் நடத்தியவர். தாமஸ் முதலில் குதிரை வண்டிகளுக்கு வர்ணம் தீட்டும் வேலைதான் பார்த்தார். பிறகு லண்டனில் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்து படித்தார். மலை, ஆறு, மரம் வரைகிறவர்கள் அங்கே ஏற்கனவே நிறைய. அதனால் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அனுமதி வாங்கி, 1785-ல் சகோதரர் மகன் வில்லியமோடு கப்பல் ஏறினார். வில்லியமுக்கு அப்போது பதினைந்து பதினாறு வயசு. என்னைவிட ஒண்ணு ரெண்டு வயசுதான் கூட!

சீனா வழியாகக் கல்கத்தா வந்தார்கள். வடக்கே இமயமலை வரை சுற்றினார்கள். 1792-ல் மதராசுக்கு வந்து, அங்கிருந்து ராயக்கோட்டை, திருச்சி, மதுரை, பாபநாசம், கன்னியாகுமரி, தஞ்சாவூர் என்று போய் வரைந்தார்கள். அவர்களிடம் ஓர் இருட்டுப் பெட்டி இருந்தது. எதிரே இருக்கிற காட்சி கண்ணாடி வில்லை வழியாக உள்ளே வந்து தாளில் விழும். அதன்மேல் கோடு போட்டுக்கொள்ளலாம். ஊர் திரும்பியதும் 1795 முதல் 1808 வரை 144 படங்களைச் செப்புத் தகட்டில் ஏற்றி அச்சடித்து, வர்ணம் பூசி வெளியிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் பலர் இந்தியா இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். வில்லியம் 1837-லேயே இறந்துபோனார். கல்யாணமே செய்துகொள்ளாத தாமஸ் அதற்குப் பிறகும் இருந்து, 1840-ல் மறைந்தார்.

இது வரைக்கும் எழுதி, ரொம்ப நல்லவர், நம்ம நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவர் என்று முடித்து டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சர் படித்துவிட்டு, 1792-ல் வேறு என்ன நடந்தது என்று கேட்டாங்க. சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டினேன். திப்பு சுல்தானோடு கம்பெனி நடத்திய மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த வருஷம் அது. ராயக்கோட்டைப் பக்கமெல்லாம் அந்தப் போரில்தான் கம்பெனி கைக்குப் போனது. அடுத்த மாசமே டேனியல்கள் அந்த வழியாகக் கிளம்பிவிட்டார்கள். படம் வாங்குகிறவர்கள் கம்பெனிக்காரர்கள், அவர்கள் பிடித்த கோட்டையை அவர்களே வீட்டில் மாட்டிக்கொள்வார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அப்புறம் டீச்சர் செல்போனில் படங்களைப் பெரிசு பண்ணிக் காட்டினாங்க. பாபநாசம் அருவி எவ்வளவு உயரம்! அடியில் எறும்பு மாதிரி சில மனுசங்க. பல்லக்கு தூக்கினது, கூடாரம் சுமந்தது, வழி காட்டினது எல்லாம் அவங்க மாதிரி ஆளுங்கதான். ஒருத்தர் பேரும் படத்தில் இல்லை. நம்ம சித்தன்னவாசலில் தாமரைக்குளம் வரைந்தவர் பேரும்தான் தெரியாது. ஆனால் அங்கே பூப்பறிக்கிறவரின் முகம் நன்றாகத் தெரிகிறது.

அதனால் டேனியலை வேண்டாம் என்று தள்ளிவிடலாமா என்றால் அதுக்கும் எனக்கு மனசு வரலை. மதுரையில் திருமலை நாயக்கர் மகால் இடிந்து கிடந்த நிலையை அவர்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் காலத்தில்தான் அதைப் பழுது பார்க்க ஆரம்பித்தார்கள். போட்டோ எல்லாம் வராத 1792-ல் அது எப்படி இருந்தது என்று காட்ட அந்தப் படங்கள்தான் இருக்கு. யாருக்காக வரைந்தாலும் இன்றைக்கு நாம பார்க்கிறோமே.

இதை எதுக்கு இவ்வளவு சொல்றேன்னா, எங்க ஊருக்கு மேற்கே ஒரு பாறை இருக்கு. இருந்துச்சு என்றும் சொல்லலாம், பாதியைக் குவாரியில் வெட்டிட்டாங்க. அப்பத்தா சின்னப் பிள்ளையில் அதன் உச்சியில் ஏறி வடாம் காயப் போட்டாங்களாம். இப்ப அந்த உச்சி இல்லை. எங்க அப்பாவும் அங்கதான் கல்லுடைக்கிறாங்க, அந்தக் கூலியில்தான் எனக்கு நோட்டு, பென்சில் எல்லாம். அதனால் யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. எந்த டேனியலும் எங்க பாறையை வரையவில்லை.

பக்கத்தில் ஒட்டியிருக்கிற படம் நான் வரைந்தது. வெட்டாத பாதியை நேரில் பார்த்து வரைந்தேன். வெட்டின பாதியை அப்பத்தா சொல்லச் சொல்ல வரைந்தேன், அவங்க இரண்டு தடவை அழிக்கச் சொன்னாங்க. கல்லுடைக்கிறவங்களை எறும்பு மாதிரி போடாமல் பெரிசாகப் போட்டிருக்கேன். பாறை அளவுக்கு ஆளும் இருப்பதால் அளவு தப்பு என்று டிராயிங் சார் சொன்னார். தப்புதான். முன்னால் நிற்கிற நீலச் சட்டைக்காரர் எங்க அப்பா.