சரப சாஸ்திரிகளும் என் புல்லாங்குழலும்



வீரபாண்டித் திருவிழாவில் ஒரு புல்லாங்குழல் வாங்கினேன். திராட்சைத் தோட்டத்தில் உட்கார்ந்து பத்து நாள் ஊதியும் வெறும் காத்துதான் வந்தது. தலை சுத்தியதுதான் மிச்சம். அடுப்பு ஊதவாவது ஆகும், கொடு என்று அம்மா கேட்டாங்க. அழுகையா வந்தது. தூக்கிப் போட்டுட்டேன்.

அப்புறம்தான் சரப சாஸ்திரிகளைப் பற்றிப் படித்தேன். 1872-இல் பிறந்தவர். கும்பகோணத்துக்காரர். சின்ன வயசிலேயே அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. நான் துளையைக் குனிந்து குனிந்து பார்த்தும் தப்பாத்தான் மூடுகிறேன். அவருக்கோ விரலும் காதும்தான் கண். ஒரு துளையை முழுசா மூடினால் ஒரு சுரம், பாதி மூடினால் வேறு சுரம். கமகம் எல்லாம் அப்படித்தான் வரணும். அதை எப்படித்தான் பழகினாரோ! கர்நாடக இசையில் புல்லாங்குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக்கியவர் அவர்தான். அதுக்கு முன்னாடி மேடையில் குழலுக்கு அந்த இடம் கிடையாது. 1943-இல் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கிய பல்லடம் சஞ்சீவ ராவ் இவருடைய சீடர். சாஸ்திரிகள் 1904-லேயே இறந்துட்டார். 32 வயசு இருக்கும், அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

நான் குழலைத் தேடி எடுத்துட்டேன். அடுப்படியில்தான் கிடந்தது, ஒரு முனை லேசா கருகி. இப்போ மூணு சுரம் வருது. மோதிர விரல்கிட்ட மட்டும் இன்னும் காத்து ஒழுகுது.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஓடைப்பட்டி