வித்துத் திரட்டிய வாவிலாவ்

பயிர்களின் மரபணுவை மனிதன் தன் கருத்திற்கிசைய மாற்றியமைக்கும் காலம் இது. ஒரு நெல்லினத்தின் நோய் தாங்கும் ஆற்றலை மற்றொரு நெல்லினத்திற் புகுத்தும் வித்தையைக் கண்டு நாம் வியக்கின்றோம். ஆயினும், புகுத்துதற்குரிய மரபணு எங்கிருந்து கிடைக்கும் என வினவுவார் சிலரே. அவ்வினாவிற்கு விடை தேடி, ஒரு நூற்றாண்டிற்கு முன்னர் நாடு நாடாய் அலைந்தவர் நிக்கோலாய் இவானோவிச் வாவிலாவ் என்னும் ருஷ்யப் பேரறிஞர். அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வாவிலாவ் 1887-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் மாஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் வாணிகத்தாற் பொருளீட்டியவர். தம்பியார் செர்கேய் பிற்காலத்தில் பௌதிக நூற்புலவராய்ப் புகழ் பெற்றார். மாஸ்கோ வேளாண்மைக் கல்லூரியிற் பயின்ற நம் அறிஞர், 1913-இல் இங்கிலாந்து சென்று, மெண்டலின் கொள்கையை நிலைநாட்டிய பேட்சனிடம் மாணாக்கராய் அமர்ந்தார்.

1916-இல் பாரசீகத்தில் தங்கியிருந்த ருஷ்யப் படைவீரர் ரொட்டியை உண்டு தலை சுற்றி விழுந்தனர். காரணம் காணுமாறு அனுப்பப்பட்ட வாவிலாவ், அவ்விடத்துக் கோதுமையில் நச்சுத்தன்மை வாய்ந்த ஒரு களைப்புல்லின் விதை கலந்திருத்தலைக் கண்டுரைத்தார். சுவிசேஷத்தில் கோதுமைக்குள் விதைக்கப்பட்டதாக நாம் வாசிக்கும் களை இதுவே என்று கருதுவோர் பலர். அத்துடன் திரும்பியிருப்பின் அவர் வெறும் உத்தியோகஸ்தராயிருந்திருப்பார். அவரோ அங்கிருந்து பாமீர் மலைக்கு ஏறினார். ஏறுந்தோறும் கோதுமை வயல்களில் ரை என்னும் புல் களையாய் மிகுந்து வந்தது. மிக உயர்ந்த இடங்களிற் குளிர் தாங்காது கோதுமை குன்றியது. களை செழித்து நின்றது. அங்குள்ள உழவர் அக்களையையே அறுத்து உணவாகக் கொண்டனர். ருஷ்யரின் கருநிற ரொட்டிக்கு உரிய ரை தானியம், கோதுமையுடன் களையாய் வந்து பயிராய் உயர்ந்தது என்னும் உண்மை இங்ஙனம் புலனாயிற்று. அவர் கண்டவற்றுள் எமக்கு மிகவும் இனியது இதுவே. பேரறிஞன் வேண்டாத புல்லையும் குனிந்து நோக்குகின்றான்!

1921-இல் ருஷ்யாவைக் கொடும் பஞ்சம் வாட்டியது. அவ்வாண்டே வாவிலாவ் பெத்ரோகிராத் நகரிற் பயிராராய்ச்சி நிலையத் தலைமையை ஏற்றார். அந்நகரே 1924-இல் லெனின்கிராத் எனப் பெயர் பெற்றது. ஒரு பயிர் எந்நாட்டில் மிகப் பல வேறுபாடுகளுடன் காணப்படுகின்றதோ, அந்நாட்டிலேயே அது தோன்றியிருத்தல் வேண்டும் என்பது அவர்தம் துணிபு. இதனை விளக்கும் நூலை 1926-இல் வெளியிட்டார். ஆப்கானிஸ்தானம், அபிசீனியா, சீனம், ஜப்பான், மெக்சிகோ, தென் அமெரிக்கா ஆகிய பல தேயங்களிற் கோவேறு கழுதை மீதும் கால்நடையாயும் சென்று வித்துத் திரட்டினார். 1940-இல் அந்நிலையத்தில் ஏறத்தாழ 2,50,000 வித்து மாதிரிகள் இருந்தன.

அவற்றாற் பயன் யாது எனின், ஒன்று காட்டுவாம். ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றில் இலைக்கருகல் நோயைத் தாங்கும் ஆற்றல் உண்டு. அதற்குக் காரணமான மரபணுவை 1995-இல் கலிபோர்னியாவில் ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்து, அந்நோய்க்கு இலக்காகும் நெல்லிற் செலுத்தி வெற்றி கண்டனர். காட்டு நெல் அழிந்திருப்பின் அம்மரபணுவும் அழிந்திருக்கும்.

இனித் துன்பமான பகுதிக்கு வருகின்றோம். லைசென்கோ என்னும் ஒருவர், விதையைக் குளிரிற் பதப்படுத்தினால் அதன் பரம்பரை இயல்பே மாறும் என்றும், மரபணு என்பது வெறும் கற்பனை என்றும் கூறி, ஸ்டாலினின் ஆதரவைப் பெற்றார். தொடக்கத்தில் அவரை ஊக்கியவர்களுள் வாவிலாவும் ஒருவர். இதனை மறைத்தல் சரித்திரத்திற்கு முறையன்று. ஆனால் உண்மைக்கே கேடு வருமெனக் கண்டதும் வெளிப்படையாய் எதிர்த்தார். 1940 ஆகஸ்டு 6-இல், மேற்கு உக்ரைனில் வித்துத் திரட்டச் சென்றவிடத்துக் கைதானார். ஒற்றர் என்றும் நாட்டின் வேளாண்மையைக் கெடுத்தவர் என்றும் பழி சுமத்தி, 1941 ஜூலையில் மரண தண்டனை விதித்தனர். மறுவருடம் அது 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

அக்காலத்தில் ஜெர்மானியப் படை லெனின்கிராத்தை முற்றுகையிட்டிருந்தது. நகர மாந்தர் பட்டினியால் இலட்சக்கணக்கில் மாண்டனர். அவருடைய நிலையத்து ஊழியர், நெல்லும் கோதுமையும் கடலையும் சூழ இருந்தும், வித்தைத் தொடாது காத்தனர். அவருட் பலர் பசியால் இறந்தனர். நெல் மாதிரிகளைக் காத்த இவானவ் என்பார் அந்நெற்பொட்டலங்களின் நடுவே உயிர் நீத்தார்.

வாவிலாவ் சாரடாவ் நகரச் சிறையில் அடைபட்டிருந்தார். இளமையில் அவர் பேராசிரியராய் விளங்கிய நகரம் அது. 1943 ஜனவரி 26-இல், தம் 55-ஆம் வயதில், உணவின்றி மெலிந்து அங்கே உயிர் துறந்தார். மனைவியார் எலேனா பருலினா, தாமும் பயிர் நூல் வல்லவர், மகனுடன் அந்நகரிலேயே அப்போது குடியிருந்தார். கணவர் மாஸ்கோவிற் சிறையிருப்பதாக எண்ணி, தம் சிறு உணவில் மிச்சம் பிடித்துப் பொதி கட்டி அங்கே அனுப்பி வந்தார். 1955-இல் நீதிமன்றம் வாவிலாவ் குற்றமற்றவர் எனத் தீர்த்தது. அத்தீர்ப்பைக் காண அம்மையார் உயிரோடிருந்தார்.