டாக்டர் எல்லாப்பிரகட சுப்பராவ்

இளமையிற் பரீட்சைகளில் இடறி வீழ்ந்தோர் சிலர், பின்னாளில் உலகம் போற்றும் பேரறிஞராய் விளங்கியமை வரலாற்றிற் காணக்கிடப்பதொன்று. அத்தகையோருள் ஒருவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பராவ். இவர்தம் பெயரை நம்மவருட் பலர் அறியார். ஆயினும், இவர்தம் உழைப்பின் பயனைத் துய்க்காத குடும்பங்கள் மிகச் சிலவே. கருவுற்ற தாய்மாருக்கு நம் நாட்டு நிலையங்களில் வழங்கப்படும் போலிக்கமில மாத்திரை, யானைக்கால் நோயைத் தடுக்கும் மாத்திரை, குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து ஆகிய மூன்றிலும் இவருக்குப் பங்குண்டு. விழா மலரைப் படிக்கும் பழைய மாணவரும் இன்று கற்கும் மாணவரும் இவர் வாழ்வை அறிதல் நலமெனக் கருதி, அதனை ஈண்டுச் சுருக்கிக் கூறுகின்றோம்.

சுப்பராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்திற் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், அரசிறைப் பகுதியிற் பணியாற்றியவர். உடல்நலங் குன்றிப் பணியினின்றும் முன்னரே நீங்கினார். தாயார் வெங்கம்மா. எழுவர் மக்களைக் கொண்ட அக்குடும்பத்தை வறுமை வாட்டியது. சிறுவன் சுப்பராவுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. காசிக்குச் சென்று யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாமென எண்ணி வீட்டைவிட்டே புறப்பட்டுவிட்டான்! தாயார் விடவில்லை, தேடிப் பிடித்து வந்து மீண்டும் பள்ளியில் இருத்தினார். மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தோல்வியுற்று, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து மூன்றாம் முறையே தேறினார். பரீட்சையில் ஒருமுறை தவறியதும் உலகமே இருண்டதென்று மனமுடையும் மாணவர், இச்செய்தியை நெஞ்சிற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

சென்னைப் பிரெசிடென்சிக் கல்லூரியிற் பயிலுங் காலத்தில் அவர் உள்ளம் துறவை நாடியது. இராமகிருஷ்ண சங்கத்திற் சேர்ந்து தொண்டு செய்ய விரும்பினார். தாயாரின் இசைவு கிட்டவில்லை. மருத்துவங் கற்று மக்கட்பணி செய்வதும் துறவுக்கு ஒப்பானதே என்னும் எண்ணம் வேரூன்ற, சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்தார். இவ்விடத்து நம் கல்லூரி மரபில் வந்தோர்க்கு மற்றொருவர் நினைவு எழுதல் இயல்பு. 1892இற் காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானங் கற்பித்த ஆசிரியராயிருந்து, 1922இற் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்து, 1925இல் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்ற சுவாமி விபுலாநந்தரையே குறிப்பிடுகின்றோம். விஞ்ஞானம் பயின்ற இருவரும் ஒரே வாயிலை நாடினர். ஒருவர் உட்புகுந்து தமிழுக்குங் கல்விக்குந் தம்மை ஈந்தார். மற்றவர் வெளியே நின்று, அதே 1922இற் கடல்கடந்து, ஆராய்ச்சிச் சாலையைத் தம் தவச்சாலையாக்கிக் கொண்டார்.

மருத்துவக் கல்லூரி வாழ்வும் இடரின்றிக் கழியவில்லை. காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்துச் சத்திரசிகிச்சைக் கூடத்துட் சென்றமை ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு இடமாயிற்று. எழுத்துப் பரீட்சைகளில் நன்கு விடையளித்தும், எம். பி. பி. எஸ். என்னும் முழுப் பட்டம் கிடையாது, அதனிற் குறைந்த எல். எம். எஸ். தகுதியே கிடைத்தது. சென்னை அரச மருத்துவப் பணியிற் சேரவும் வழியில்லாது போயிற்று. ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் ஆசிரியராய் அமர்ந்தார். இதற்கிடையில் உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராய் இழந்தார். ஸ்புரூ என்னும் குடல்நோய் அவர்களைக் கொண்டுசென்றது. உண்ட உணவின் சத்தை உடல் ஏற்காது, குருதி வற்றி மெலிந்து மாயும் நோய் அது. மருத்துவம் படித்த உடன்பிறந்தார் இருந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்நாளில் அதற்கு மருந்தே இல்லை.

1919இல் அவருக்கும் சேஷகிரி அம்மையாருக்கும் திருமணம் நிகழ்ந்தது. மாமனார் படிப்புக்குப் பொருளுதவி செய்தார். மூன்றாண்டில் மீள்வதாகக் கூறி, 1922 ஒக்ரோபரில் சுப்பராவ் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரை அடைந்தார். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் வெப்பவலய மருத்துவங் கற்றார். கைப்பொருள் இன்மையால் ஆங்கோர் வைத்தியசாலையில் நோயாளரின் மலசலச் சட்டிகளைக் கழுவும் ஏவலாளராய் இரவில் வேலை செய்தார். பகலிற் படிப்பு, இரவிற் பணி என நாட்கள் கழிந்தன.

பின்னர் அப்பல்கலைக்கழகத்து உயிரிரசாயனப் பகுதியில் சைறஸ் பிஸ்க் என்னும் பேராசிரியருடன் சேர்ந்தார். இருவரும் 1925இற் குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை நிறத்தைக்கொண்டு அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். நீலநிறம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு பொசுபரசு உண்டு என்பதே அதன் சாரம். பிஸ்க்–சுப்பராவ் முறை என்னும் பெயரால் உலகெங்கும் மாணவர் அதனைக் கற்றனர். அம்முறையைத் தசைச்சாற்றில் வைத்துப் பார்த்தபோது ஒரு புதுமை தோன்றிற்று. நிறம் உடனே முழுமை பெறாது, மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே சென்றது. பிறராயின் பிழையென்று கொட்டியிருப்பர். இவர்களோ காரணந் தேடினர். எளிதிற் சிதையும் பொசுபரசுச் சேர்வையொன்று தசையில் ஒளிந்திருந்து, அமிலத்தில் மெல்லச் சிதைந்து பொசுபேற்றை விடுவிப்பதைக் கண்டனர். 1927இல் வெளியான கிரியாற்றின் பொசுபேற்றின் வரலாறு இதுவே. 1929இல் அதனினும் பெரிய கண்டுபிடிப்பு வந்தது. அடினோசின் மூபொசுபேற்று என்னும் பொருளைத் தசையினின்றும் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜேர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் அதனைத் தனியே கண்டார். தசை இலற்றிக்கமிலத்தால் இயங்குகிறது என்று அதுவரை நிலவிய கொள்கை இக்கண்டுபிடிப்புக்களால் ஆட்டங்கண்டது. அக்கொள்கைக்கு அடிகோலிய ஆய்வுகளுக்காக 1922ஆம் ஆண்டு நோபெல் பரிசு வழங்கப்பட்டிருந்தது என்பதும் நினைக்கத்தக்கது.

அடினோசின் மூபொசுபேற்று என்பது யாது? நம் ஊரார்க்கு விளங்கும் உவமையொன்று கூறுவாம். துறைமுகத்திற் கோதுமைக் கப்பல் வந்து நிற்கின்றது. அதிலுள்ள மூடையை இறக்கி, உரிய வண்டியில் ஏற்றுவான் ஒரு தொழிலாளி. மூடை ஏறியதும் வண்டி புறப்படுகின்றது. உடலின் ஒவ்வொரு கலத்திலும் அடினோசின் மூபொசுபேற்றே கப்பல், பொசுபேற்றே மூடை, இறக்கி ஏற்றும் தொழிலாளியே புரதக் கைனேசு என்னும் நொதியம், ஏற்றுக்கொள்ளும் வண்டி மற்றொரு புரதம். மூடை ஏறியவுடன் அப்புரதம் தொழிற்படத் தொடங்கும், அன்றேல் ஓயும். கலம் பிரிவதும், வளர்வதும், நிற்பதும் இம்முறையாலேயே ஆளப்படுகின்றன. இதனை 1950களில் விளக்கிய எட்மண்ட் பிஷர், எட்வின் கிறெப்ஸ் ஆகிய இருவரும் 1992இல் நோபெல் பரிசு பெற்றனர். மனித உடலில் இத்தகைய கைனேசுகள் ஐந்நூற்றுக்கு மேல் உள. அவற்றுள் ஒன்று ஓய்வறியாது மூடையேற்றிக்கொண்டே இருப்பின், கலங்கள் கட்டின்றிப் பெருகிப் புற்றுநோயாகின்றன.

இந்நாளில் மனிதக் கைனேசின் பரம்பரையலகைப் பற்றீரியாவினுள்ளோ பூச்சியின் கலங்களினுள்ளோ புகுத்தி, அப்புரதத்தை ஆங்கே ஆக்கித் தூய்மை செய்து எடுக்கின்றனர். மீளிணைந்த புரதம் என்பது இதன் பெயர். சிறு குழாயொன்றில் அந்தக் கைனேசையும் அடினோசின் மூபொசுபேற்றையும் சேர்த்து, பொசுபேற்று மாறும் அளவை அறிந்து, எந்த மருந்து அதனைத் தடுக்கின்றதென ஆராய்கின்றனர். 2001இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற இமற்றினிப் என்னும் மருந்து, நாட்பட்ட குருதிப் புற்றுநோயொன்றில் அடினோசின் மூபொசுபேற்று வந்து அமரும் இடத்திலேயே தான் அமர்ந்து நோயை அடக்குகின்றது. சுப்பராவ் பிரித்தெடுத்த பொருளின்றி அவ்வாராய்ச்சிக் குழாயில் ஒன்றும் நிகழாது.

இத்துணை செய்தும் ஹாவாட் பல்கலைக்கழகம் அவருக்கு நிலையான பதவி வழங்கிற்றில்லை. 1930இற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், 1940இல் நியூயோர்க் மாநிலத்துப் பேர்ள் றிவரில் உள்ள லெடர்லி ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். ஆங்கு அவர் தலைமையில் அறிஞர் குழுவொன்று உழைத்தது. ஈரலிலும் கீரையிலும் அரிதாய்க் காணப்படும் போலிக்கமிலத்தின் அமைப்பைக் கண்டு, 1945இல் அதனை ஆய்வுச்சாலையிலேயே ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. தாம் காக்க இயலாதுபோன இருவருக்காகப் பல ஆயிரவரைக் காத்தார் என்றால் மிகையாகாது. 1947இல் யானைக்கால் நோய்க்குரிய டையெதில்காபமசின் வெளிவந்தது. நம் நாட்டு யானைக்கால் ஒழிப்பு இயக்கம் கையாண்ட மருந்து இதுவே. 2016இல் இலங்கை அந்நோயின் பிடியினின்றும் நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெஞ்சமின் டகர் மண்ணிலுள்ள நுண்ணுயிரினின்றும் கண்ட ஓறியோமைசின் என்னும் முதல் தெற்றாசைக்கிளின் மருந்தும், அந்நிலையத்திலிருந்தே 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குப் போலிக்கமிலஞ் சார்ந்த பொருள்களைக் கொடுத்தபோது, நோய் விரைந்து பெருகுவதுபோலத் தோன்றிற்று. ஆக்குவது நோயை வளர்க்குமாயின், அதனைத் தடுப்பது நோயைத் தளர்த்துமன்றோ? பொஸ்ரனில் குழந்தைகள் வைத்தியசாலையிற் பணிபுரிந்த சிட்னி பார்பருக்காகச் சுப்பராவின் குழுவினர் போலிக்கமிலத்தைப் போன்ற, ஆனால் அதன் தொழிலை மறிக்கும், அமினொப்ரெறின் என்னும் பொருளை ஆக்கி அளித்தனர். பார்பர் பதினாறு குழந்தைகளுக்கு அதனைக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளின் நோய் தணிந்தது. அத்தணிவு நிலைக்கவில்லை, நோய் மீண்டது. எனினும், மருந்தாற் குருதிப் புற்றுநோயை அடக்கலாம் என்பது 1948 யூனிற் பார்பர் வெளியிட்ட கட்டுரையால் முதன்முதலாக உறுதியாயிற்று. அதன் இனமான மெதொற்றெக்சேற், இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் வழங்கப்படுகின்றது.

அக்கட்டுரை வெளிவந்து மூன்று திங்கள் கூட நிறைவுறாமுன், 1948 ஓகஸ்ற்றில், ஐம்பத்துமூன்றாம் வயதிற் சுப்பராவ் உறக்கத்திலேயே காலமானார். நோபெல் பரிசு இல்லை. பெரும் பட்டங்களும் இல்லை. கால் நூற்றாண்டு வாழ்ந்தும் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றாரில்லை. தம் குழுவினர் கண்டவற்றைத் தாமே கண்டதாகக் கூறிக்கொள்ளும் இயல்பும் அவரிடம் இல்லை. இந்திய அரசு அவர் நூற்றாண்டையொட்டி 1995இல் அஞ்சல் முத்திரை வெளியிட்டது.

அவர் வாழ்வை முற்றும் புகழ்ந்து முடிப்பது நேர்மையாகாது என்று நாம் எண்ணுகின்றோம். மூன்றாண்டில் வருவேன் என்று சென்றவர் மீளவே இல்லை. அவர் சென்றபின் பிறந்த ஆண்குழந்தை பச்சிளம் பருவத்திலேயே மறைந்தது. தந்தை அதன் முகத்தைக் கண்டதில்லை. சேஷகிரி அம்மையார் காத்திருந்தே வாழ்நாளைக் கழித்தார். அறிவுத் தவத்தின் பயனை உலகம் உண்டது. அதன் விலையில் ஒரு பங்கை, கேட்கப்படாமலே, ஒரு பெண்மணி செலுத்தினார். சுப்பராவின் பெருமையைப் பேசுவோர் அப்பெண்மணியையும் நினைத்தல் கடன். கடல்கடந்து கற்கவும் உழைக்கவுஞ் செல்லும் நம் பழைய மாணவர் இன்று பலர். அவர்கள் வீட்டுக்கு எழுதும் ஒரு மடல், பேசும் ஒரு சொல், அவர்தம் கல்விக்கு எவ்வாற்றானும் இழுக்காகாது.

மாணவர்காள்! தோல்வியைக் கண்டு கலங்காமையும், வியப்பைக் கண்டவிடத்து நின்று காரணம் வினவுதலும், பெற்ற பயனைப் பிறர்க்கு ஈதலும் சுப்பராவ் நமக்குக் காட்டிய மூன்று நெறிகள். நிறம் ஏன் மெல்லக் கூடுகின்றது என்று ஒருவர் கேட்டமையால் உலகம் பெற்றது பெரிது. உங்கள் விஞ்ஞான கூடத்திலும் நாளை ஒரு குழாயில் எதிர்பாராத நிறம் தோன்றக்கூடும். அதனைக் கொட்டிவிடாதீர்.