நிலவில் மனிதன் நடந்தபோது பம்பாயில் டிவியே இல்லை: அந்தத் திரைக்காக உழைத்த விக்ரம் சாராபாயின் கதை

அப்போலோ 11 நிலவில் இறங்கிய அன்றைய டிவி செய்தியை நீங்கள் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் செய்தியாளர் வால்டர் கிராங்கைட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பேச வார்த்தை வராமல் திணறுவார். சில மணி நேரம் கழித்து, கறுப்பு வெள்ளையில் மங்கலான ஓர் உருவம் ஏணியில் மெல்ல இறங்கும். அரை நூற்றாண்டு கழித்துப் பார்த்தாலும் மனசு என்னவோ பண்ணும்.

உங்கள் தாத்தா, பாட்டி அப்போது தாராவியிலோ, மாட்டுங்காவிலோ, செம்பூரிலோ இருந்தவர்களா? அப்படியென்றால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் காட்சியை அவர்கள் அன்று நேரலையில் பார்த்திருக்கவே முடியாது. ஏனென்றால் பம்பாயில் அன்று தொலைக்காட்சி நிலையமே கிடையாது.

அதே பம்பாயில் அப்போது ஒருவர் பதவியில் இருந்தார். நிலவுக்கு மனிதனை அனுப்பும் போட்டி நமக்கு வேண்டாம் என்றவர் அவர். ஆனால் வானத்திலிருந்து வரும் டிவி நமக்குக் கட்டாயம் வேண்டும் என்றும் சொன்னார். அவர்தான் விக்ரம் சாராபாய்.

அன்று பம்பாயில் என்ன நடந்தது?

நீல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் காலடி வைத்தபோது இந்திய நேரப்படி 1969 ஜூலை 21, திங்கள்கிழமை காலை 8.26 மணி. பம்பாய் லோக்கல் ரயில்களில் கூட்டம் பிதுங்கும் நேரம். இரண்டு நாள் முன்புதான் 14 வங்கிகளை இந்திரா காந்தி அரசு நாட்டுடைமை ஆக்கியிருந்தது. ஊரெங்கும் அதே பேச்சு.

நாட்டிலேயே தொலைக்காட்சி இருந்த ஒரே நகரம் டெல்லி. அங்கே 1959 செப்டம்பர் 15-ல் சோதனை முறையில் ஆரம்பித்த ஒளிபரப்பு, 1965-ல்தான் தினசரி சேவையானது. பம்பாய்க்காரர்களுக்கு இருந்ததெல்லாம் ரேடியோவும் டிரான்சிஸ்டரும் மறுநாள் பேப்பரும்தான். படமாகப் பார்க்க வேண்டுமென்றால் சினிமா தியேட்டரில் ஓடும் நியூஸ் ரீலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், டிவி படத்துக்கு முன்னாலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரும் தங்கள் உலகச் சுற்றுப்பயணத்தில் 1969 அக்டோபர் 26-ல் பம்பாய்க்கு வந்தார்கள். அடுத்து நிலவின் கல்லும் மண்ணும் வந்தன. அப்போலோ பயணங்களில் கிடைத்த மாதிரிகளை கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த வி.எஸ். வெங்கடவரதன்தான் பிற்பாடு வொர்லியில் உள்ள நேரு கோளரங்கத்தின் இயக்குநர் ஆனார்.

மனிதரும் வந்தாச்சு, கல்லும் வந்தாச்சு. டிவி மட்டும் வரவில்லை.

நேரலை ஏன் வரவில்லை?

நிலவிலிருந்து வந்த சமிக்ஞையை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருந்த பெரிய ஆண்டெனாக்கள் பிடித்தன. நிலவில் இருந்த கேமரா நொடிக்கு 10 படங்கள்தான் அனுப்பியது. அதைச் சாதாரண டிவிக்கு ஏற்றபடி மாற்றி, பூமியைச் சுற்றும் தகவல் தொடர்பு செயற்கைக்கோள்கள் வழியாக உலகுக்கு அனுப்பினார்கள். சுமார் 65 கோடி பேர் பார்த்ததாக நாசா மதிப்பிடுகிறது.

இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இன்டெல்சாட் செயற்கைக்கோள் சேவையைத் தொடங்கி அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதிலிருந்து படத்தை வாங்கி ஒளிபரப்ப இந்தியாவில் தரை நிலையம் இல்லை. வானத்தில் படம் இருந்தது. பிடிக்கத்தான் கையில் ஒன்றும் இல்லை.

சாராபாய் யார்? தமிழர்களோடு அவருக்கு என்ன தொடர்பு?

1919 ஆகஸ்ட் 12-ல் அகமதாபாத்தின் பெரும் ஆலை முதலாளி குடும்பத்தில் பிறந்தவர் விக்ரம் சாராபாய். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் வந்தது. ஊர் திரும்பியவர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் காஸ்மிக் கதிர்களைப் பற்றி ஆராயத் தொடங்கினார். ஹோமி பாபாவுடன் அங்கேதான் நெருக்கமானார்.

1942-ல் பரதநாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். மிருணாளினி சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் சுவாமிநாதன், அரசியல் தலைவர் அம்மு சுவாமிநாதன் தம்பதியின் மகள். நேதாஜியின் படையில் ஜான்சி ராணி பிரிவை வழிநடத்திய கேப்டன் லட்சுமி இவருக்கு அக்கா. ஆக, சாராபாய் ஒருவகையில் நம்ம ஊர் மாப்பிள்ளை.

போர் முடிந்ததும் மறுபடி கேம்பிரிட்ஜ் போய் முனைவர் பட்டத்தோடு திரும்பினார். 28 வயதில், 1947 நவம்பரில், அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். நூற்பாலைகளுக்கான ஆராய்ச்சி நிறுவனம், ஐஐஎம் அகமதாபாத் என்று அடுத்தடுத்து நிறுவனங்களைக் கட்டினார். 1962-ல் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழுவின் தலைவரானார். 1963 நவம்பர் 21-ல் கேரளத்தின் தும்பா மீனவர் கிராமத்திலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாம் பணியாற்றியது இந்தத் தும்பாவில்தான்.

பம்பாய்க்கு அவர் வந்தது எப்படி?

1966 ஜனவரி 24-ல் ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் ஹோமி பாபா இறந்தார். அணுசக்தி ஆணையத்தின் தலைவர் பொறுப்பு அந்த ஆண்டு மே மாதம் சாராபாயிடம் வந்தது. விண்வெளித் திட்டமும் அப்போது அணுசக்தித் துறையின் கீழ்தான் இருந்தது.

துறையின் தலைமையகம் கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் பக்கத்தில். அந்த இடத்தின் பழைய பெயர் என்ன தெரியுமா? அப்போலோ பந்தர். நிலவுப் பயணத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, தற்செயல்தான். ஆய்வு மையம் இருந்தது செம்பூரைத் தாண்டி டிராம்பேயில். அகமதாபாத், பம்பாய், திருவனந்தபுரம் என்று ஓயாமல் பறந்துகொண்டே இருந்தார் சாராபாய்.

நிலவு வேண்டாம், டிவி வேண்டும் என்றது ஏன்?

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்ற கேள்வி அன்றும் இருந்தது. சாராபாய் அதற்கு நேராகவே பதில் சொன்னார். நிலவையோ கோள்களையோ ஆராய்வதிலும், மனிதரை விண்ணுக்கு அனுப்புவதிலும் பணக்கார நாடுகளோடு போட்டி போடும் கற்பனை நமக்கு இல்லை. ஆனால் நவீன தொழில்நுட்பத்தை நம் மக்களின் உண்மையான பிரச்னைகளுக்குப் பயன்படுத்துவதில் யாருக்கும் பின்தங்கக் கூடாது. இதுதான் அவர் நிலைப்பாடு.

டிவி விஷயத்தில் அவர் கணக்கு எளிமையானது. கோபுரத்திலிருந்து போகும் டிவி அலை சுற்றுவட்டாரத்தை மட்டுமே எட்டும். ஊர் ஊராகக் கோபுரம் கட்டினால் முதலில் பெருநகரங்களுக்குக் கிடைக்கும். கடைசிக் கிராமத்துக்குப் போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் இருந்தாலோ, நாட்டின் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் படம் போகும்.

அதாவது டிவி மாட்டுங்காவுக்கும் மலபார் ஹில்லுக்கும் வந்துவிட்டுப் பிறகு கிராமத்துக்குப் போகக் கூடாது. முதலில் கிராமத்துக்குப் போக வேண்டும்.

1967-ல் டெல்லியைச் சுற்றி 80 கிராமங்களில் பொது டிவி பெட்டிகள் வைத்து, விவசாயிகளுக்கான 'கிருஷி தர்ஷன்' நிகழ்ச்சி தொடங்கியது. அதற்கு அணுசக்தித் துறையும் கைகொடுத்தது. பெரிய வேலை நடந்தது 1969-ல். ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் நடந்து நான்கு வாரம் முடிவதற்குள், ஆகஸ்ட் 15-ல் இஸ்ரோ பிறந்தது. செப்டம்பர் 18-ல் நாசாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலவுக்கு ஆள் அனுப்பிய அதே நாசாவின் செயற்கைக்கோளை ஓராண்டு வாங்கி, இந்தியக் கிராமங்களுக்கு டிவி காட்டுவதுதான் திட்டம். அதன் பெயர் 'சைட்'.

1971 பிப்ரவரியில் புனே அருகே ஆர்வியில் நாட்டின் முதல் வணிக செயற்கைக்கோள் தரை நிலையம் திறக்கப்பட்டது. 1969-ல் இல்லாமல் போனது இந்த மாதிரி நிலையம்தான். இன்று அதன் பெயர் விக்ரம் தரை நிலையம்.

அவர் பார்க்காமலே போனது என்ன?

1971 டிசம்பர் 30 அதிகாலையில், திருவனந்தபுரம் அருகே கோவளத்தில் தங்கியிருந்த இடத்தில், தூக்கத்திலேயே சாராபாயின் உயிர் பிரிந்தது. வயது 52.

ஒன்பது மாதம் கழித்து, 1972 அக்டோபர் 2-ல் பம்பாய் தொலைக்காட்சி நிலையம் வொர்லியில் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 11-ல் அப்போலோ 17 நிலவில் இறங்கியது. மனிதர் நிலவில் கால்வைத்த கடைசிப் பயணம் அது. பம்பாய்க்கு டிவி வந்து இரண்டரை மாதத்துக்குள், நிலவில் மனிதர் நடந்த காலமே முடிந்துபோனது. நம்ம ஊருக்கு அந்தச் சகாப்தத்தின் வால்தான் மிச்சம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில்கூட அதற்குள் ஆர்வம் குறைந்துவிட்டது. 1970-ல் அப்போலோ 13 வீரர்கள் விண்கலத்துக்குள்ளிருந்து காட்டிய நிகழ்ச்சியை அங்குள்ள பெரிய சேனல்கள் நேரலை செய்யவில்லை. விபத்து நடந்த பிறகுதான் ஓடி வந்தன. அப்போலோ 11-ன் மூலப் பதிவு நாடாக்களும் மறுபயன்பாட்டுக்காக அழிக்கப்பட்டிருக்கலாம் என்றுதான் நாசாவின் தேடல் 2009-ல் முடிந்தது. நீங்கள் இன்று பார்க்கும் தெளிவான படம், டிவி நிறுவனங்களிடமும் மற்ற இடங்களிலும் இருந்த நகல்களிலிருந்து மீட்டது.

அவர் கனவு என்ன ஆனது?

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை 'சைட்' நடந்தது. ராஜஸ்தான், பீகார், ஒடிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரா, கர்நாடகா ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையில் செய்த மூன்று மீட்டர் ஆண்டெனா. பள்ளியிலோ பஞ்சாயத்து இடத்திலோ ஊருக்கே ஒரு டிவி. தினமும் நான்கு மணி நேரம் விவசாயம், சுகாதாரம், பள்ளிப் பாடம். தமிழ்நாட்டுக் கிராமங்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த அனுபவத்தில்தான் இன்சாட் செயற்கைக்கோள்கள் வந்தன. 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் டிவியும் வந்தது. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்வெளியிலிருந்து பிரதமர் இந்திராவோடு பேசியதைத் தூர்தர்ஷனில் பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். நிலவுப் பயணத்தை டிவியில் பார்த்ததாக யாராவது பெரியவர் சொன்னால், இதையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். நமக்கென்று சொந்தமாக உள்ள பழைய விண்வெளி டிவி நினைவு இதுதான்.

ஆனால் கிராமத்துக்கு முதலில் என்ற கணக்கு நிற்கவில்லை. சீரியலும் விளம்பரமும் பெருகின, வீட்டுக்கு வீடு தனித்தனி பெட்டி வந்தது, விவசாய நிகழ்ச்சி ஓரத்துக்குப் போனது. அவர் கேட்ட கருவி கிடைத்தது. எதற்காகக் கேட்டாரோ, அது பாதிதான் நடந்தது.

இன்று இது ஏன் முக்கியம்?

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இஸ்ரோவின் யூடியூப் நேரலையில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். தாராவிச் சந்திலும் செம்பூர் ஃபிளாட்டிலும் அதே நொடியில் அதே படம். 1969-ல் இல்லாதது இதுதான். இறங்கிய கலத்தின் பெயர் விக்ரம்.

2040-க்குள் நிலவுக்கு இந்தியரை அனுப்பும் இலக்கை மத்திய அரசு அறிவித்திருக்கிறது. வேண்டாம் என்று சாராபாய் ஒதுக்கிவைத்த அதே பயணம். நாடு வளர்ந்துவிட்டது, இனி போகலாம் என்பார்கள் சிலர். அவர் வைத்த அளவுகோல் பணம் இருக்கிறதா என்பது மட்டும் அல்ல. இதனால் கடைசிக் கிராமத்துக்கு என்ன கிடைக்கும் என்பதும்தான். இந்தக் கேள்வியை அன்று நீங்களும் கேட்கலாம்.

1973-ல் நிலவின் ஒரு பள்ளத்துக்கு சாராபாய் பெயர் சூட்டப்பட்டது. அப்போலோ 17 இறங்கிய இடம் அதற்குக் கிழக்கே 250 முதல் 300 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மும்பையிலிருந்து பக்கத்து ஊருக்குப் போகும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.