கண்ணொளி ஈந்த பெரியார்

மதுரைக்குத் தெற்கே வடமலாபுரம் என்னும் சிற்றூரில், 1918ஆம் ஆண்டில் உழவர் குடியில் தோன்றியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள். நமது அமெரிக்கன் கல்லூரியில் இரசாயனம் பயின்று 1938இல் பட்டம் பெற்றார். சென்னையில் வைத்தியம் கற்று 1944இல் தேறி, இராணுவ வைத்தியரானார். ஆங்குக் கொடிய முடக்குவாதம் பற்றியது. விரல்கள் கோணின, பேனாவையும் பிடிக்கவியலவில்லை. பிரசவ வைத்தியராகும் எண்ணம் ஒழிந்தது. எனினும் மனந்தளராது கண் வைத்தியம் பயின்று, அக்கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, இலட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தார்.

அரசாங்க உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றதும், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவினார். அந்நாளில், புரை நீக்கப்பெற்ற ஏழைகள் தடித்த கண்ணாடியையே நம்பியிருந்தனர். அது உடைந்தால் மீண்டும் இருளே. கண்ணுள் வில்லை பொருத்துதல் ஏழை மக்கள் பெருந்திரளுக்குத் தீங்கின்றிப் பயன்படுமோ என அறிஞர் சிலர் ஐயுற்றனர். அவ்வையத்தை வாதத்தாலன்றிச் சோதனையால் தீர்க்க அம்மருத்துவமனையார் துணிந்தனர். இரு கண்களும் புரையால் மறைந்த 3,400 பேரைச் சீட்டெடுப்பது போன்ற முறையால் இரு பிரிவாக்கி, ஒரு சாரார்க்கு வில்லை பொருத்தியும், மறு சாரார்க்குத் தடித்த கண்ணாடி அளித்தும், ஓராண்டு சென்றபின் பார்வையை அளந்தனர். வில்லை பெற்றோரே நன்கு கண்டனர்; தீங்கும் மிகவில்லை. இவ்வாராய்ச்சி 1998இல் வெளியாயிற்று. 1992இல் தொடங்கிய ஆரோலாப் தொழிற்சாலை வில்லையின் விலையைப் பெரிதும் குறைத்திருந்தமையால், அப்பயன் எளியோரையும் எட்டியது.

2006இல் அப்பெரியார் மறைந்தார். ஏழைக்கு இதுவே போதுமென்று அமையாது, ஏழைக்கும் எது சிறந்ததென அளந்தறிந்து அளித்தலே அவர் நமக்கு விட்டுச்சென்ற நெறியாகும்.